ஐந்து வேளை மாத்திரை

நெருப்பெரிச்சலைச் சுற்றியிருக்கிற பனியன் கம்பெனிகளில் வேலாத்தாளைத் தெரியாதவர்கள் குறைவு. செக்கிங் மேஜைக்கு அவள் பொறுப்பாக நின்றால் ஒரு பிசிறு, ஒரு எண்ணெய்க்கறை, ஒரு விட்டுப்போன தையல் தப்பாது. பீஸை உயர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள் என்றால் தைத்தவன் மிஷினை நிறுத்திவிடுவான். தப்பைக் காட்டுவதோடும் விடமாட்டாள். மிஷினில் எது கோளாறாகி அந்தத் தப்பு வந்தது என்று தெரிந்துகொள்ளும்வரை தையல்காரனைக் குடைந்துகொண்டே இருப்பாள். இவளுக்கு எதற்கு இத்தனை கேள்வி என்று முதுகுக்குப் பின்னால் முனகுவார்கள். முகத்துக்கு நேராக முனகும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

பங்குனி பிறந்து ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டுவிட்டால் அதே வேலாத்தாள் வேறு ஆள். கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு, ஒரு வேளைச் சோற்றோடு விரதமிருந்து, பூவோடு என்கிற தீச்சட்டி எடுப்பாள். கங்கு கனலும் மண்சட்டியை வேப்பிலைக் கொத்தோடு கையில் ஏந்தி, தப்பட்டைக்கும் உருமிக்கும் நடுவே கம்பத்தைச் சுற்றி வருவது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஒரு வருடமும் விட்டதில்லை. தப்பட்டைச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அவளுக்கு அருள் வந்துவிடும். இரண்டு பேர் பிடித்தாலும் நிற்கமாட்டாள். வருடம் முழுக்க அடுத்தவன் தையலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்குத் தன்னை மறக்க அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் கம்பம் நட்டு, காப்பும் கட்டிய பிறகு, ஒரு நாள் விடியற்காலையில் மருமகள் பிரியங்கா கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து நின்றாள். கழுத்தில் மூன்று முத்து, காதுக்குக் கீழே ஒன்று. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே அம்மை போட்டிருந்தது, அங்கிருந்து தொற்றியிருக்க வேண்டும். பிரியங்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் கரு நாலாம் மாதத்திலேயே கலைந்துபோய், கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட பின் தங்கிய பிள்ளை இது.

வேலாத்தாள் பதறவில்லை. ஆத்தாள் வந்துவிட்டாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பை நிறுத்தினாள், மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளறைக் கட்டிலில் வேப்பிலை பரப்பி மருமகளைப் படுக்கவைத்தாள். மகன் தங்கதுரையை இளநீர் வாங்கிவர அனுப்பினாள். புருஷன் நல்லான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மை போட்ட வீட்டில் மருந்து என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விருந்துக்கு வந்தவளை அடித்து விரட்டுவதற்குச் சமம் அது. பத்து நாளில் அவளாக இறங்கிப் போவாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்றுதான் வேலாத்தாளும் நினைத்தாள்.

ஆனால் அன்றைக்குப் பிரியங்காவுக்கு டாக்டர் சுபஸ்ரீயிடம் செக்கப் இருந்தது. வரச் சொன்ன நாளில் ஒரு தகவல் சொல்லாமல் நின்றுவிடுவது மரியாதையில்லை என்று வேலாத்தாள் டவுன் பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போனாள். மருந்து கேட்கப் போகவில்லை, வரமுடியாது என்று சொல்லத்தான் போனாள். வீட்டுக்கு ஆத்தாள் வந்திருக்கிறாள், தண்ணீர் ஊற்றியதும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியவளை டாக்டர் உட்காரச் சொன்னார். முதல் முத்து எப்போது வந்தது என்று கேட்டார். காலையில்தான் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டாக்டரும் அவினாசிப் பக்கத்துப் பெண்தான். வேப்பிலையைக் கேலி செய்யவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் நாங்களும் அதைத்தான் செய்வோம், பெரும்பாலும் தானாகப் போய்விடும் என்றார். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வந்தால் அது நெஞ்சுக்குள் இறங்க இடமுண்டு, நுரையீரலைப் பிடித்துக்கொண்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து என்றார். மாத்திரை இருக்கிறது, ஆனால் முதல் முத்து தெரிந்த ஒரு நாளைக்குள் ஆரம்பித்தால்தான் முழுப்பலன் என்றார். இருபத்திநாலு மணி நேரத்தில் நாலு மணி நேரம் ஏற்கனவே போயிருந்தது.

வேலாத்தாள் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் இருந்தது ஒரே கேள்வி.

"அந்த மாத்திரை அதைக் கொன்னுபோடுமாங்க?"

"இல்லீங்கம்மா," என்றார் டாக்டர். "அதுக்குக் கொல்லத் தெரியாது. பெருக விடாம நிறுத்தத்தான் தெரியும்."

வேலாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்படி நிறுத்தும் என்று கேட்டாள். வெளியே ஆட்கள் காத்திருந்தாலும் டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இந்தக் கிருமிக்குத் தானாகப் பெருகும் வகை கிடையாது. நம் உடம்பின் உயிரணு ஒன்றுக்குள் புகுந்து, அங்கே இருக்கிற பொருளை எடுத்து, அங்கே இருக்கிற ஏற்பாட்டை வைத்துத் தன்னைப்போல் ஆயிரம் செய்துகொள்ளும். செய்வது எப்படியென்றால், மணிமணியாகக் கோத்து ஒரு நீளச் சங்கிலி. அந்தச் சங்கிலிதான் அதன் உயிர். மாத்திரையில் இருப்பது அதே மணியைப்போல் ஒரு மணி, ஆனால் மறுபக்கம் கொக்கி கிடையாது. கிருமி ஏமாந்து அதை எடுத்துக் கோத்துவிட்டால் அடுத்த மணியை மாட்ட இடமிருக்காது. சங்கிலி பாதியில் நின்றுபோகும்.

டாக்டர் சங்கிலி என்று சொன்னதை வேலாத்தாள் மனதுக்குள் தையலாக மாற்றிக்கொண்டாள். சொந்த மிஷின் இல்லாதவன், சொந்த நூல் இல்லாதவன், ஒரு பேட்டர்ன் அட்டையோடு அடுத்தவன் கம்பெனிக்குள் புகுந்து தன் பீஸை ஓட்டுகிறான். அவளுக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அவளுக்கே உரிய அடுத்த கேள்வியைக் கேட்டாள். கொக்கியில்லாத மணி நம் பிள்ளையின் உடம்பிலும் போய்க் கோத்துக்கொள்ளாதா?

நல்ல அணுவுக்குள் போனால் அந்த மருந்து அநேகமாகச் சும்மா கிடக்கும் என்றார் டாக்டர். கிருமி புகுந்த அணுவில் மட்டும் கிருமியின் சொந்த வேலையாள் ஒருவன் இருக்கிறான், அவன் கைபட்டுத்தான் மருந்து வேலைக்குத் தயாராகும்.

"அப்பத் தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்குதுன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் மழுப்பாமல் சொல்ல வேண்டியதையும் சொன்னார். ஏற்கனவே பெருகினதை இது ஒன்றும் செய்யாது, அதை உடம்புதான் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டும். அதனால்தான் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, இந்த மருந்து உடம்பில் தங்காது, சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். போய்விட்டால் கிருமி விட்ட இடத்திலிருந்து பெருக ஆரம்பிக்கும். ஆகவே விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணிக்கொரு தடவை, நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மத்தியானம் டாக்டரே ஸ்கூட்டியில் வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டு, வேப்பிலைக்குக் குனிந்து உள்ளே போய், பிரியங்காவின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. மாத்திரை அட்டைகளை வேலாத்தாள் கையில் கொடுத்து, மூச்சு வாங்கினால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் தலை மறைந்ததும் நல்லான் வாயைத் திறந்தார். கம்பம் நட்டிருக்கிற நேரத்தில் மருந்தா என்றார். நல்லான் கெட்டவர் இல்லை, கடைசியாகப் பேசினவர் பக்கம் சாய்கிற மனுஷன். டாக்டர் இருந்தவரை டாக்டருக்குத் தலையாட்டினார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, அம்மை வீட்டிலிருந்து பூவோடு எடுத்தால் அது பெருமை, மருந்து கொடுத்த வீட்டிலிருந்து எடுத்தால் ஊருக்கே ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனதும் அவருக்குத் தலையாட்டினார். தங்கதுரை அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பூக் கேட்டுப் போடலாமுங்க," என்றாள் வேலாத்தாள்.

அவள் செய்த தப்பு அதுதான். நேராக உள்ளே போய் மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் கல்யாணம், கிணறு வெட்டுவது, மிஷின் வாங்குவது என்று எதற்கும் ஆத்தாளிடம் பூக் கேட்டே பழகினவள். போதாததற்கு, இத்தனை வருடம் நெருப்பைக் கையில் ஏந்தினவளுக்கு ஆத்தாள் இல்லையென்று சொல்லமாட்டாள் என்ற கர்வமும் உள்ளூர இருந்தது. டாக்டரே கொல்லாது, விரட்டாது என்று சொன்ன மருந்து. அதில் ஆத்தாளுக்கு என்ன தடை இருக்க முடியும் என்று நினைத்தாள்.

பூசாரி கன்னையன் வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் வெவ்வேறு இலையில் பொட்டலமாகக் கட்டி ஆத்தாள் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். வேலாத்தாள் கையைக் கூப்பி, மருமகளுக்கு மருந்து கொடுக்க உத்தரவு கொடு தாயே என்று கேட்டாள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். கன்னையன் பிரித்தார். சிவப்பு.

கைக்கு எது பக்கத்தில் இருந்ததோ அதைத்தான் குழந்தை எடுத்தது என்று இப்போது உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். அங்கே நின்ற யாருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. வேலாத்தாளுக்கும் தோன்றவில்லை. அவளைப் பொறுத்தவரை ஆத்தாள் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீடு வந்து சேரும்வரை அவள் காலடியில் மண் இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் பிரியங்காவுக்குச் செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. இந்த ஊரில் செய்திக்குப் பஸ் தேவையில்லை. தங்கதுரை மாத்திரை அட்டையை அலமாரி மேல் கைக்கெட்டாத உயரத்தில் வைத்துவிட்டிருந்தான். வேலாத்தாள் உள்ளே வந்ததுமே பிரியங்கா அழுதாள்.

"பூவே வேண்டாம்னுருச்சுங்களே அத்தை. எனக்கு வேண்டாமுங்க. இந்தப் புள்ளையுங் கையை விட்டுப் போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்."

வேலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளின் கழுத்தைப் பார்த்தாள். காலையில் மூன்று இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியவில்லை. மார்பில், முதுகில், வயிற்றின் மேட்டில்கூட ஆரம்பித்திருந்தது. பிள்ளை உள்ளே புரண்டது சேலைக்கு மேலேயே தெரிந்தது. இதோ இந்த நிமிஷமும் கிருமியின் தையல் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் அவன் ஒரு லோடு தைத்துத் தள்ளுகிறான் என்று நினைத்தாள். தப்பான பீஸ் ஓடுகிறது என்று தெரிந்தும் மிஷினை நிறுத்தாமல் நின்றதில்லை அவள். முதலாளியே ஓட்டு என்று சொன்னபோதும் நிறுத்தியிருக்கிறாள்.

இப்போது ஓட்டு என்றவள் முதலாளியைவிடப் பெரியவள். வேலாத்தாள் பயந்தாள். நல்லான் பேச ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல் எழுந்து மறுபடி கோயிலுக்கு நடந்தாள்.

கன்னையன் நடை சாத்தத் தயாராக இருந்தார். வேலாத்தாள் கம்பத்தின் முன்னால் நின்று, இடது கையால் வலது கைக் காப்பின் முடிச்சை அவிழ்க்க முயன்றாள். ஈரம் பட்டு இறுகியிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கட்டின காப்பை நடுவில் அவிழ்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது கன்னையனுக்குத் தெரியும். அவர் ஓடி வந்தார். இந்த வருடம் நான் பூவோடு எடுக்கவில்லை, வீட்டில் மருந்து கொடுக்கப் போகிறேன் என்று சொல்லி அவள் காப்பை நீட்டினாள்.

கன்னையன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனக்கா, குடுக்கறதுன்னா கமுக்கமாக் குடுத்துட்டுப் போங்க. எனக்குந் தெரியாது, ஊருக்குந் தெரியாது. காப்பைக் கட்டுங்க, பூவோட்டையும் எடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். வேலாத்தாளுக்கு ஒரு கணம் ஆசையாகவும் இருந்தது. இரண்டும் நடந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கறையை மடிப்புக்குள் மறைத்து வைத்துப் பாஸ் பண்ணுகிற வேலை அவளுக்கு வராது.

"உனக்குத் தெரியாது, ஊருக்குந் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியாதா கன்னையா? கேட்டேன், வேண்டாம்னா. நான் குடுக்கப் போறேன். அவ மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் குடுப்பேன்."

கன்னையன் காப்பை வாங்கிக்கொண்டார். வேலாத்தாள் ஆத்தாளை ஒரு தடவை பார்த்தாள், கும்பிடவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த அட்டையை எடுத்தாள். தங்கதுரை தடுக்கவில்லை. நல்லான் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கினார்.

மாத்திரையோடு வந்த கையைத்தான் பிரியங்கா முதலில் பார்த்தாள். மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் மஞ்சளாகக் கோடு போட்டிருந்தது.

"காப்பு எங்கீங்க அத்தை?"

"குடுத்துட்டேன். இந்த வருசம் எடுக்கலை."

பிரியங்கா அத்தையின் முகத்தையே பார்த்தாள். வேலாத்தாள் வேப்பிலையை ஒதுக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருமகளும் பேக்கிங் செக்ஷனில் வேலை பார்த்தவள்தான், அதனால் அந்தப் பாஷையிலேயே சொன்னாள்.

"உன்ற ஒடம்புக்குள்ள இப்ப எவனோ பூந்து ஷிப்ட் ஓட்டிட்டிருக்கறான் அம்மிணி. மிஷின் உன்றது, நூலு உன்றது. பீஸ் மட்டும் அவன்றது. இந்த மாத்திரை அவனை அடிக்காது, தொரத்தாது. நூலுன்னு நெனச்சு இதை எடுத்துக் கோத்தான்னா அத்தோட அந்தத் தையல் நின்னு போயிரும். ஆத்தா வந்தது வந்ததுதான். அவ இருக்கற வரைக்கும் இருக்கட்டும், எளநியும் மோரும் குடுத்து மரியாதையா அனுப்பலாம். அவ பேரைச் சொல்லிக்கிட்டுப் பெருகற கூட்டத்தைத்தான் நான் நிறுத்தச் சொல்றேன்."

"ஆனாப் பூ..."

"பூ வேண்டாம்னது எனக்கு. கேட்டவ நான். அதுக்கு என்ன வருதோ அது எனக்கு வரட்டும். உனக்கு அதுல பங்கு இல்லை கண்ணு."

பிரியங்கா மறுபடி அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். இத்தனை வருட விரதத்தை அவிழ்த்து வைத்துவிட்டு வந்து நிற்கிறவளிடம் இன்னும் என்ன கேட்பது. கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அப்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்ன கெடுவுக்குள்தான்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எல்லா வழக்கமும் அப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர. வேப்பிலை வாடினால் மாற்றினாள். தாளிப்பு இல்லை, விளக்கமாற்றால் கூட்டுவதில்லை, டாக்டரைத் தவிர வெளியாள் உள்ளே வருவதில்லை. நாலு மணிக்கொரு தடவை அலாரம் வைத்திருந்த தங்கதுரையின் செல்போன் அலறும், வேலாத்தாள் சொம்போடும் மாத்திரையோடும் போவாள். ஷிப்மென்ட் நேரம் என்று கம்பெனியிலிருந்து மேனேஜர் கூப்பிட்டுக் கெஞ்சினார். என் ஊட்டு ஷிப்மென்ட் முதலில் போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்கள் மோசமாக இருந்தன. காய்ச்சல் ஏறியது, முகமெல்லாம் முத்து நிறைந்து கண் திறக்க முடியாமல் போனது. லேசாக இருமலும் வந்தது. தெருவில் பேச ஆரம்பித்தார்கள். பூவை மீறினால் இப்படித்தான் என்று வேலாத்தாள் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நல்லான் சாப்பாட்டில் கைவைக்காமல் எழுந்துகொண்டார். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று தங்கதுரைகூட ஒரு தடவை கேட்டான்.

வேலாத்தாளுக்கும் உள்ளே ஆட்டம் கண்டது. என் பிடிவாதத்துக்கு இந்தப் பிள்ளைகள் பலியாகிவிடுமோ என்று கொல்லையில் தனியாக நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் வந்து நெஞ்சைச் சோதித்தார். நுரையீரலில் சத்தமில்லை, இருமல் தொண்டையோடு இருக்கிறது என்றார். இப்போது வெளியே தெரிவதெல்லாம் மாத்திரைக்கு முன்னாலேயே பெருகினது, அது வந்துதான் தீரும், புதிதாக வருவது குறைகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். வேலாத்தாள் அதைப் பிடித்துக்கொண்டாள். தைத்து முடித்த பீஸ் வெளியே வருகிறது, மிஷின் நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. பிரியங்காவின் முதுகில் வெறுமையாக இருந்த ஒரு கையகல இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடியும்போதெல்லாம் அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். அடுத்த நாளும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பழைய முத்துக்கள் பொருக்குத் தட்ட ஆரம்பித்தன. பிரியங்கா தானாக எழுந்து உட்கார்ந்து கம்மங்கூழ் கேட்டாள்.

பூவோடு அன்று சாயந்திரம்தான் கிளம்பியது. ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தது. கோயிலைச் சுற்றி முடித்து ஊர்வலம் ஒவ்வொரு தெருவாக வரும், வீட்டுக்கு வீடு நின்று மஞ்சள் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். வேலாத்தாள் வீட்டு வாசலில் குடத்தில் தண்ணீர் நிறைத்து வைத்தாள். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. ஏந்துகிறவர்களில் ஒருத்தியாக இல்லாமல் தண்ணீர் ஊற்றுகிறவளாக நிற்கப்போவது இதுதான் முதல் தடவை. அதை நினைக்கும்போதெல்லாம் வெறும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

தப்பட்டை தெருமுனையில் திரும்பியது. அதே நேரத்தில் செல்போனும் அலறியது.

நல்லான் வாசலிலிருந்து ஓடி வந்தார். ஆத்தாள் வீட்டு வாசலுக்கு வரும்போதா மாத்திரையைக் கையில் எடுப்பாய், ஊர்வலம் போகட்டும், ஒரு மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று கெஞ்சினார். பிரியங்காவும் அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவளுக்கு இப்போது உடம்பு தேறிவிட்டது, ஒரு வேளை தள்ளினால் தெரியாது. ஆனால் மருந்து வற்றின உடம்பில் அவன் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பிப்பான் என்பது வேலாத்தாளுக்கு மறக்கவில்லை. ஏழு நாள் முடிய இன்னும் இருந்தது. அவள் அட்டையைப் பிதுக்கி மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தாள்.

தப்பட்டை வீட்டை நெருங்கியது. உருமியின் முனகல் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. கங்கின் புகையும் வேப்பிலை வாசமும் நடையில் நிறைந்தன. வேலாத்தாளின் பாதம் முதலில் அசைந்தது, பிறகு முழங்கால். காப்பை அவிழ்த்துக் கொடுத்தால் அருள் வராது என்று அவள் நினைத்திருந்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது. உடம்பு அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது, சொம்புத் தண்ணீர் தளும்பிக் கையில் வழிந்தது, கண்ணுக்கு முன்னால் எல்லாம் மங்கிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவள் அவளாக இருக்கமாட்டாள். நல்லான் பின்வாங்கி நின்று கும்பிட்டார். தங்கதுரை பிடிக்க வந்தான், அவன் கையை அவள் உதறினாள்.

பிரியங்கா கட்டிலிலிருந்து பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வேலாத்தாள் சொம்பைத் தரையில் வைத்து, ஒரு கையால் உள்ளறை நிலையை இறுக்கிப் பிடித்தாள். நகம் மரத்தில் பதிந்தது. மறு கையில் மாத்திரை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, யாரிடம் பேசுகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராத குரலில் சொன்னாள்.

"சித்த இரு ஆத்தா. புள்ளைக்கு நேரமாச்சு, குடுத்துட்டு வர்றேன்."

நிலையை விடாமல், உடம்பு உலுக்க உலுக்க, கையை மட்டும் நீட்டினாள். அந்தக் கை நடுங்கவில்லை. பிரியங்கா எழுந்து இரண்டு எட்டு வைத்து வந்து, அத்தையின் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். குனிந்து சொம்பை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாசலில் தப்பட்டை நின்று முழங்கிக்கொண்டிருந்தது. மருமகளின் தொண்டையில் மாத்திரை இறங்கியதைப் பார்த்த பிறகுதான் வேலாத்தாள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.